ரொட்டி அடுப்போரம் அச்சான கை

டெல்ஃபினா லிமாச்சிக்கு ஒரு பழக்கம் உண்டு. கையில் எது வந்தாலும் முதலில் கவிழ்த்து அடிப்பக்கத்தைப் பார்ப்பாள். சந்தையில் செருப்பு வாங்கினாலும் அப்படித்தான், விருந்தில் தட்டை நீட்டினாலும் அப்படித்தான். ரொட்டியை வாயில் வைப்பதற்கு முன் அதன் அடி கருகியிருக்கிறதா, வெளுத்திருக்கிறதா என்று ஒரு பார்வை போகும். ஒரு ஞானஸ்நான விருந்தில் பிள்ளையைத் தூக்கி அவள் கையில் கொடுத்தபோது அதையும் லேசாகத் திருப்பப் போனாள் என்றும், பெற்றவள் பாய்ந்து பிடுங்கிக்கொண்டாள் என்றும் தெருவில் ஒரு கதை உண்டு. அவளைப் பெண் கேட்டு வருகிறவன் முதலில் செருப்பைக் கழுவிவிட்டு வர வேண்டும் என்று கீழ்க்கடை டயர்க்காரர் பல வருடமாகச் சொல்லி வருகிறார்.

அது அவள் தொழில் கொடுத்த பழக்கம். எல் ஆல்ட்டோ என்ற மேட்டு நகரில், மினிபஸ்கள் திரும்பும் வளைவில், அந்த டயர்க்கடைக்கு மேலே, செங்கல் பூசாத ஒரு மாடி அறையில் அவளுடைய த்ரீடி பிரிண்டர் இருக்கிறது. மீன்பிடி நரம்பு மாதிரி ஒரு பிளாஸ்டிக் இழை. அதை ஒரு சூடான முனை உருக்கி, சூடேற்றிய கண்ணாடிப் பலகையின்மேல் மெல்லிய கோடாகப் பிழியும். கோடுகள் சேர்ந்து ஒரு படலம் ஆகும். பிறகு முனை மயிரிழை உயரம் மேலே ஏறி, அதன்மேல் அடுத்த படலத்தைப் பிழியும். எந்த இடத்தில் பிழிய வேண்டும், எந்த இடத்தை விட வேண்டும் என்பதைக் கணினி சொல்லும். கடைசல்காரர் இரும்பில் வேண்டாததைச் சீவி எறிகிறார். இந்த இயந்திரம் வேண்டியதை மட்டும் அடுக்குகிறது. முதல் படலம் பலகையில் பிடிக்க வேண்டும். அது பிடிக்காவிட்டால் மேலே எத்தனை அடுக்கு ஏறினாலும் எல்லாம் நூல்கண்டாகச் சரியும். ஆகவே ஒரு பொருள் முடிந்ததும் அவள் முதலில் பார்ப்பது அதன் அடியைத்தான்.

அவள் வீட்டில் கல்லூரி முடித்த முதல் ஆள் அவள். படித்தது மின் இயந்திரவியல். ஆகாய விமானத்தின் உலோகப் பாகத்தையும், முறிந்த எலும்புக்கு மாற்றையும், ஒரு முழு வீட்டின் சுவரையும்கூட இப்படி அடுக்கடுக்காக எழுப்புகிறார்கள் என்று வகுப்பில் கேட்டபோது தூக்கமே வரவில்லை. உடன் படித்தவர்கள் சுரங்கத்துக்கும் சாந்தா குரூஸ் ஆலைகளுக்கும் போனார்கள். அவள் வியாழக்கிழமைச் சந்தையில், தான் விற்பது என்ன என்றே தெரியாத ஒருவரிடம், இரண்டாக உடைந்து கிடந்த பிரிண்டரை வாங்கி வந்து பொருத்தினாள். வந்த வேலையெல்லாம் மிக்ஸியின் திருகு, மினிபஸ் ஜன்னலை இறக்கும் கைப்பிடி, பின்னல் இயந்திரத்தின் பல்சக்கரம். கேக் செய்கிறவர்களுக்கு அச்சு. கீழே லா பாஸில் ஒரு பல் மருத்துவருக்குத் தாடை மாதிரிகள். இதற்கா படித்தோம் என்று சில நாள் தோன்றும். உடைந்த பல்சக்கரத்தை மாற்றிய பின்னல்காரப் பெண் மறுநாள் வந்து, இயந்திரம் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு நிற்கையில், இதற்குத்தானோ என்றும் தோன்றும். எது சரி என்று அவள் இன்றைக்கும் முடிவு கட்டவில்லை.

சத்தூர்னினோ போமா அவள் அறைக்கு வந்தது கார்னிவல் முடிந்த பிறகு. மினிபஸ்ஸில் நாலு நிறுத்தம் தள்ளி இருக்கும் ரொட்டிக்காரர். ஊரே அவரை மரியாதையாகத் தோன் சத்தூக்கோ என்று அழைக்கும். சகல ஆன்மாக்கள் திருநாளுக்கு ரொட்டிப் பொம்மைகள் சுடும் நெரிசலில், மாவு தேய்க்கும் உருளை அவருடைய வலது கையை இழுத்துக்கொண்டது. மணிக்கட்டுக்குக் கீழே ஒன்றும் மிஞ்சவில்லை. சட்டைக் கையை முடிச்சுப் போட்டிருந்தார். இடது கையால் ஒரு மத்ராக்காவை எடுத்து மேசையில் வைத்தார். மொரேனாதா என்ற திருவிழா ஆட்டம் ஆடுகிறவர்கள் சுழற்றும் கறகறப்பு அது. பிடியைச் சுற்றினால் பல்சக்கரம் பலகையில் உரசிக் கறகறவென்று பேசும். கார்மென் மாதா திருவிழாவில் ஆடும் ரொட்டிக்காரர்களின் குழு என்பதால் ரொட்டி வடிவில் செய்து மஞ்சள் பூசியிருந்தது.

"இதைச் சுத்தணும். வலது கையால."

"இடது கையால சுத்தினா மாதா வேணாம்னு சொல்லுவாங்களா?"

"மாதா சொல்ல மாட்டாங்க. வரிசையில எல்லாரும் வலப்பக்கம் வீசுறப்போ நான் இடப்பக்கம் வீசினா பக்கத்து ஆள் மூக்குல படும். அப்புறம் அவனுக்கும் நீதான் மூக்கு செஞ்சு குடுக்கணும், இஞ்சினியரம்மா."

சிரித்துத்தான் சொன்னார். பிறகு சொன்னதில் சிரிப்பு இல்லை. அவர் மனைவி எவுலாலியா சில வருடங்களுக்கு முன் ஆஸ்பத்திரியில் பிழைப்பாளா மாட்டாளா என்று கிடந்தாள். அப்போது கார்மென் மாதாவுக்கு நேர்ச்சை வைத்தார்: அவள் எழுந்தால், தொடர்ந்து மூன்று வருடம் ஜூலைத் திருவிழாவில் ஆடுவேன் என்று. எவுலாலியா எழுந்தாள். அவர் இரண்டு வருடம் ஆடினார். மூன்றாவது பாக்கி. நடுவில் கை போயிற்று. மாதா கையை எடுத்தார் என்று அவர் சொல்லவில்லை; உருளையில் காவல் தகடு இல்லை, அது தன் தப்பு என்றுதான் சொன்னார். ஆனால் மூன்றாவது வருடத்தை நிறுத்தினால் எவுலாலியாவுக்கு என்ன வருமோ என்ற பயம் அவர் நெஞ்சில் கல் மாதிரி உட்கார்ந்திருந்தது. ஊமைக் கறகறப்போடு வரிசையில் ஒப்புக்கு நடக்கவும் அவருக்கு மனமில்லை. கொடுத்த வாக்கு ஆடுவதாக, நடப்பதாக அல்ல.

டெல்ஃபினாவுக்கு நேர்ச்சையில் நம்பிக்கை கிடையாது. எதிரே நிற்கிற மனிதரின் பயம் மட்டும் உண்மை என்று தெரிந்தது. செய்து தருகிறேன் என்றாள்.

முதல் கை தோற்றது. யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று இணையத்தில் கிடந்த ஒரு வடிவத்தை எடுத்தாள். ஐந்து விரல், உள்ளே நரம்பு மாதிரி நூல்கள், பார்க்க அழகு. அவர் முடிச்சை அவிழ்க்கவில்லை. அவிழ்க்கச் சொல்ல அவளுக்கும் கூச்சம். சட்டைக்கு மேலேயே நாடா வைத்து அளந்தாள். நிறுத்தின வாக்கில் அச்சடித்தால் விரல் நுனிகள் வழவழவென்று வரும் என்று நிறுத்தியே அடித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைக்குத் தெருவை அடைத்து வாத்தியக்குழு நின்றது. தோன் சத்தூக்கோ மூன்றாவது வரிசையில். முதல் திருப்பத்திலேயே மணிக்கட்டு டக்கென்று முறிந்தது. ஐந்து விரலும் மத்ராக்காவை இறுகப் பிடித்தபடியே பறந்து போய்ப் பெரிய முரசில் மோதி விழுந்தன. தெரு சிரித்தது. குழுவை நடத்துகிற தோன் ஃபுல்ஹென்சியோ சிரிக்காமல் கேட்டார்.

"அடுத்த திருப்பத்துக்கு எது பறக்கும் சத்தூக்கோ? சொல்லிட்டா ஜனங்க தலையைக் குனிஞ்சுக்குவாங்க."

சத்தூக்கோ முடிச்சைத் திரும்பப் போட்டுக்கொண்டு வரிசையை விட்டு வெளியே வந்தார். டெல்ஃபினா உடைந்த துண்டைப் பொறுக்கிக் கவிழ்த்துப் பார்த்தாள். முறிந்த இடம் கத்தியால் வெட்டினது போல நேராக இருந்தது. ஏட்டு ரொட்டி ஏடு ஏடாகப் பிரிகிற மாதிரி, ஒரு படலத்துக்கும் அடுத்த படலத்துக்கும் நடுவே பிடிப்பு விட்டிருந்தது. நிறுத்தி அடித்ததால் அடுக்குகள் கைக்குக் குறுக்கே போயிருந்தன. படுக்க வைத்து அடித்திருந்தால் நீளவாக்கில் ஓடியிருக்கும். விறகை நாருக்குக் குறுக்கே உடைப்பது போலத் திணற வேண்டியிருக்கும். இது முதல் வருடப் பாடம். அழகுக்காக அதைக் கைவிட்டிருக்கிறோம் என்று புரிந்தபோது காது மடல் சுட்டது. மறுபடி செய்கிறேன் என்று அங்கேயே, எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

மறுநாள் காலையில் எவுலாலியா ஏறி வந்தாள். துணியில் சுற்றின ஒரு பொட்டலம்.

"அவர் உனக்குக் காட்ட மாட்டார், மகளே. இதைக் குடுக்கச் சொன்னார்."

உள்ளே புளிக்காத உப்பு மாவுக் கட்டி, அடுப்பின் மேல்தளத்தில் மெதுவாகக் காய்ந்து கல்லாகியிருந்தது. டெல்ஃபினா வழக்கம்போலக் கவிழ்த்தாள். அடியில் ஒரு குழி. குழிக்குள் தழும்பின் மடிப்பு, எலும்பு முடியும் மேடு, தையல் போன வரி எல்லாம் அப்படியே பதிந்திருந்தன. தன் கையைத் தானே மாவில் அழுத்தி அச்செடுத்து அனுப்பியிருக்கிறார்.

அந்தக் குழியில் சுண்ணக்கலவை ஊற்றினாள். எடுத்த வடிவத்தைச் சுற்றிச் சுற்றிக் கைப்பேசியில் படம் பிடித்தாள். படங்களைக் கணினி ஒன்றாகச் சேர்த்துத் திரையில் அவர் கையை எழுப்பியது. இந்தத் தடவை விரலே வேண்டாம் என்று முடிவு செய்தாள். மத்ராக்கா சுற்றுவதற்கு விரலா வேண்டும்? தழும்பு வலிக்காமல் கவ்வுகிற நீளக் கூடு, முழங்கைக்குக் கீழே இரண்டு வார், முனையில் ஒரு பிடிவளையம். அவ்வளவுதான். கை மாதிரி இருக்காது. கையின் வேலையைச் செய்யும்.

இனி இடைஞ்சல் குளிர். ஜூன் மாதம்தான் அங்கே குளிர்காலம், ஊர் உறைகிற காலம். அவள் அறையில் பேசினால் மூச்சு புகையாக வரும். கூடு நீளமான பொருள். படுக்க வைத்து அடித்தால் அடியில் சூடு, மேலே குளிர். ஓரங்கள் காய்ந்த தோல் மாதிரிச் சுருண்டு பலகையை விட்டு எழும்பின. போர்வையால் மூடினாள். அட்டைப்பெட்டி கவிழ்த்தாள். மறுபடி மறுபடி அதே மூலையே எழும்பியது. கடைசியில் எவுலாலியாவே வழி சொன்னாள்: அடுப்போரம் கொண்டுவா.

மினிபஸ்ஸில் மடியில் வைத்துக்கொண்டு, இரண்டு இருக்கைக்குக் கட்டணம் கேட்ட நடத்துனனோடு சண்டை போட்டபடி, இயந்திரத்தை ரொட்டிக்கடைக்குக் கொண்டு போனாள். கையை இழுத்த உருளைக்கும் அடுப்புக்கும் நடுவில்தான் இடம் இருந்தது. மாவுத்தூசி உள்ளே போகாமல் காலி மாவுச் சாக்குகளைத் தைத்துத் திரை கட்டினாள். அங்கே சூடு நாலு பக்கமும் சமமாக இருந்தது. முதல் படலம் பிடித்தது. இரண்டாவது பிடித்தது. மூலை அசையவில்லை. மனம் நிறைந்து, வார் வாங்கச் சந்தைக்குப் போனாள்.

திரும்பி வந்தபோது கடை வாசலிலேயே எவுலாலியா முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

வீட்டுக்குள் புது இயந்திரம் வந்தால் பூமித்தாய்க்கு ஊற்றாமல் யாராவது ஓட்டுவார்களா? லாரி வாங்கினாலும், தையல் இயந்திரம் வாங்கினாலும், நாலு மூலைக்கும் சாராயம் தெளித்து, பியர் பீய்ச்சி, வண்ணக் காகிதத் துணுக்கு தூவுவதுதான் முறை. டெல்ஃபினா படிப்பு மயக்கத்தில் மறந்துவிட்டாள் என்று நினைத்து, எவுலாலியா அவளுக்காகத் தானே செய்துவிட்டாள். முற்றத்தில் உறையும் நிலையில் கிடந்த இனிப்புக் கறுப்பு பியரைத் திறந்து, சாக்குத் திரையை விலக்கி, ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்துக்கு மனசாரப் பீய்ச்சினாள். சூட்டுக் கண்ணாடி ஒரு மூலையிலிருந்து மறுமூலைக்குப் பிளந்தது. பாதி வளர்ந்த கூட்டின்மேல் சிவப்பும் பச்சையுமாகக் காகிதத் துணுக்குகள் ஒட்டிக்கிடந்தன.

தோன் சத்தூக்கோ மாவு மூட்டையின்மேல் உட்கார்ந்திருந்தார். குரலில் கோபம் இல்லை. அதுதான் டெல்ஃபினாவைப் பயமுறுத்தியது.

"போதும் தாயி. மாதாவுக்கே இஷ்டமில்ல போல. ஃபுல்ஹென்சியோகிட்ட என் பேரை எடுத்துடச் சொல்றேன்."

அழுதுகொண்டிருந்த எவுலாலியா சட்டென்று நிறுத்தி அவரைப் பார்த்தாள். அவர் எதை விட்டுக்கொடுக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். அவருக்கும் தெரியும். டெல்ஃபினாவுக்குக் கண்ணாடி உடைந்தது பெரிதில்லை; கண்ணாடி எந்தக் கடையிலும் கிடைக்கும். இந்த மனிதர் உடைந்தால் வாங்கக் கடை இல்லை. அடுக்குகளின் திசை, சூட்டின் அளவு என்று சொல்ல அவளிடம் நிறைய இருந்தது. அதில் எதுவும் அவரை மூட்டையிலிருந்து எழுப்பாது. எழுப்பக்கூடிய மொழி ஒன்றுதான், அது அவளுடையது அல்ல. அதைத்தான் பேசினாள். பாதிக் கோபத்தோடு பேசினாள்.

"இஷ்டமான்னு நான் கேட்கிறேன், இருங்க. இந்தக் கை திருவிழா முடியிற வரைக்கும் உடையாம நின்னா, நான் மூணு வருஷம் ஆடறேன். போதுமா?"

எவுலாலியா கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். மாதா படத்துக்கு முன்னால் மெழுகுவர்த்தி ஏற்றினாள்.

"சொல்லிட்ட. அவங்களும் கேட்டுட்டாங்க," என்றாள்.

சத்தூக்கோ மூட்டையை விட்டு எழுந்து சாக்குத் திரையைச் சரிசெய்யத் தொடங்கினார்.

கண்ணாடிக்காரரிடம் அளவுக்கு வெட்டி வாங்கின புதுக்கண்ணாடி வழுக்கியது. அடுப்போரச் சூடு இருந்தும் முதல் படலம் பிடிக்கவில்லை. இழை உருண்டு உருண்டு முனையோடு போனது. துடைத்தாள், மட்டம் பார்த்தாள், முனையை இறக்கினாள். ஒன்றும் நடக்கவில்லை. எரிச்சலில் பழைய கண்ணாடித் துண்டைத் தூக்கிப் போடப் போனவள், கை தானாகச் செய்கிற வேலையாக, அதில் ஒட்டியிருந்த பிளாஸ்டிக்கைப் பிய்த்துக் கவிழ்த்துப் பார்த்தாள். அடியில் கண்ணாடிச் சில்லு ஒன்று பெயர்ந்து ஒட்டிக்கொண்டு வந்திருந்தது. பியர் ஓடிக் காய்ந்த ஓரத்தில்தான் அப்படி. மற்ற இடமெல்லாம் சுத்தமாக விட்டிருந்தது.

விரலை ஈரமாக்கி அந்த ஓரத்தைத் தொட்டாள்; பிசுபிசுத்தது. பிறகு எவுலாலியாவைக் கூப்பிட்டாள்.

"அந்த பாட்டில்ல மிச்சம் இருக்கா?"

ரொட்டிக்கு முட்டை தடவுகிற தூரிகையை வாங்கி, கறுப்பு பியரைக் கண்ணாடியில் மெல்லிசாகப் பூசினாள். காயவிட்டு, அதன்பிறகே சூடேற்றினாள். முதல் படலம் கோந்து மாதிரிப் பிடித்தது. எவுலாலியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள்.

"கடைசியில ஊத்தத்தானே செஞ்ச."

"இது சர்க்கரை, தோன்யா எவுலாலியா. காஞ்சா பசை ஆயிடுது, அவ்வளவுதான்."

"சரி, சர்க்கரை. யாரு குடுத்தது?"

கரும்பு, ஆலை, மால்ட் என்று பல விடை இருந்தது. டெல்ஃபினா தூரிகையைக் கழுவப் போனாள்.

கூடு நீளவாக்கில் படுத்தபடி வளர்ந்தது. ரொட்டிகள் அடுப்புக்குள் போய் வெளியே வந்துகொண்டிருந்தன. அது மட்டும் அவசரப்படவில்லை. முடிந்ததும் சூடு இறங்கக் காத்திருந்து எடுத்தாள், அடியைப் பார்த்தாள், உருளையின் இரும்புச் சட்டத்தில் ஓங்கி அடித்தாள். எவுலாலியா மாதா பேரைச் சொன்னாள். கூட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை. இனி போட்டுப் பார்க்க வேண்டும். சத்தூக்கோ அவளையும் கூட்டையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு பல்லால் இழுத்துச் சட்டைக் கை முடிச்சை அவிழ்த்தார். அவள் அந்தக் கையை நேராகப் பார்ப்பது அதுதான் முதல் தடவை. மாவில் பார்த்துப் பழகிய கைதான். கூடு போய் உட்கார்ந்தது. முழங்கை பக்கம் கொஞ்சம் உரசுகிறது என்றார். அரத்தால் ராவிக் கொடுத்தாள்.

ஜூலைத் திருவிழாவில் அவள் பாதையோரம், பொரி விற்கிறவளுக்கும் நாற்காலி வாடகைக்கு விடுகிறவருக்கும் நடுவில் நின்றாள். ரொட்டிக்காரர்கள் வந்தார்கள். பித்தளை வாத்தியங்கள் நெஞ்சுக்கூட்டை அதிரவைத்தன. கனத்த உடுப்பும் முகமூடியும் அணிந்த மூன்றாவது வரிசையில் சத்தூக்கோ யார் என்று முகத்தை வைத்துச் சொல்ல முடியாது. காதை வைத்தாவது கண்டுபிடிக்கலாம் என்று அவருடைய மத்ராக்காவின் சத்தத்தைத் தனியாகப் பிரித்துக் கேட்கப் பார்த்தாள். பிரியவில்லை. எல்லாம் ஒரே கறகறப்பாக வலப்பக்கம் போய், இடப்பக்கம் வந்தது. திருப்பத்தில் ஒன்றும் பறக்கவில்லை. கோயில் வரைக்கும் கூடவே நடந்தாள். முகமூடியைக் கழற்றிவிட்டு அவர் முழங்காலில் உள்ளே போனதையும், எவுலாலியா வாசலில் நின்று அவர் போவதையே பார்த்ததையும் பார்த்துவிட்டு வீடு திரும்பினாள்.

இது நடந்து வருடங்கள் ஆகின்றன. எவுலாலியா நன்றாக இருக்கிறாள், சண்டையும் போடுகிறாள். பிடிவளையத்தை மாற்றினால் ரொட்டித் துடுப்பும் பிடிக்கலாம் என்று சத்தூக்கோ கேட்டு வாங்கிக்கொண்டார். அவரைப் பார்த்து ஒரு தச்சர் வந்தார், பிறகு தறி ஓட்டுகிற பெண் ஒருத்தி. கை மாதிரி கை வேண்டாம், உளி பிடிக்கிற மாதிரி, நூல் பிடிக்கிற மாதிரி ஒன்று வேண்டும் என்று கேட்கிறார்கள். டெல்ஃபினா மேசையில் இப்போது இரண்டு இயந்திரங்கள் ஓடுகின்றன. பக்கத்தில் ஒரு தூரிகையும் கறுப்பு பியர் பாட்டிலும் எப்போதும் இருக்கும். பார்க்க வருகிற கல்லூரி மாணவர்களிடம் சர்க்கரை என்றுதான் விளக்குகிறாள். பாட்டிலைப் புதிதாகத் திறக்கும்போது முதல் சொட்டைத் தரையில் விடுவது ஏன் என்று அவர்கள் கேட்டதில்லை.

ஒத்திகை தொடங்கும் காலம் வந்தால் எவுலாலியா படியேறி வருகிறாள். ஆட்டப் பாவாடை தைக்க இடுப்பளவு சொல்லு என்கிறாள். ஒரு வருடம் வேலை நெருக்கடி என்றாள் டெல்ஃபினா. ஒரு வருடம் கால் சுளுக்கு என்றாள், அது பொய். நம்பிக்கை இல்லாதவள் ஆடினால் அது ஆட்டமாகுமா என்று தன்னையே கேட்டுக்கொள்கிறாள். சரி, நம்பிக்கை இல்லையென்றால் அன்றைக்குச் சொன்னது வெறும் வார்த்தை என்று தள்ளிவிட்டுப் போக வேண்டியதுதானே, அதுவும் முடியவில்லை. ஒருவரை மூட்டையிலிருந்து எழுப்பச் சொன்ன வார்த்தை. எழுந்துவிட்டார். கூடு உடையவில்லை.

"மறந்துட்டேன்னு மட்டும் சொல்லிடாத," என்றாள் எவுலாலியா இந்த வருடம்.

"மறக்கல."

அலமாரியில் அவள் தனக்கென்று அச்சடித்த மத்ராக்கா ஒன்று இருக்கிறது. பல்சக்கரத்தை நீளவாக்கில் அடிக்க முடியாது, அதனால் பற்களைத் தடிப்பாக வைத்தாள். எவுலாலியா இறங்கிப் போன பிறகு அதை எடுத்தாள். கவிழ்த்துப் பார்த்தாள்; அடி நன்றாகப் பிடித்திருந்தது. ஒரு சுற்றுச் சுற்றினாள். சத்தம் சரியாக இருந்தது. திரும்ப வைத்துவிட்டு, பல் மருத்துவருக்கான தாடையைப் பார்க்கப் போனாள். மூன்று வருடமும் பாக்கி.